இடமிருந்து மூன்றாவது

— இன்னும் ரெண்டு இன்ச் பின்னாடி தள்ளு. ரெண்டே ரெண்டு இன்ச்.

— என்னங்க, காலைலேருந்து இந்த சோபா ஹாலை நாலு சுத்து சுத்தி வந்துடுச்சு. பேசாம இதுக்குச் சக்கரம் மாட்டிடுங்க. நான் ஏறி உக்காந்துக்கிறேன், நீங்களே தள்ளுங்க.

— பேசிக்கிட்டே தள்ளினா கோணலாப் போகுது பாரு. ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஏழடி. ரெண்டுலேருந்தும் இங்க உக்கார்றவங்க காதுக்கு ஏழடி. மூணு பக்கமும் சமமா இருந்தாத்தான் பாட்டு நடுவுல வந்து நிக்கும்.

— மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க. பாட்டு எங்க நிக்குது? நான்தான் நின்னுக்கிட்டே இருக்கேன்.

— இன்னிக்கு நின்னுடும்.

— நாலு மணிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல என்கூட வேலை பார்த்த நாலு பேர் வர்றாங்க. இப்பவே மணி மூணு. சாப்பாட்டு மேசை படுக்கையறைல கிடக்குது. கண்ணாடி அலமாரி வாசலை மறிச்சுக்கிட்டு நிக்குது. வர்றவங்க எந்த வழியா வருவாங்க? ஜன்னல் வழியாவா?

— கண்ணாடில சத்தம் பட்டுத் தெறிக்கும்மா. அதான் நகர்த்தினேன்.

— தெறிக்கட்டுமே! இத்தனை வருஷம் தெறிச்சுக்கிட்டுதானே இருந்துச்சு? யாருக்காவது காயம் பட்டுச்சா?

— உனக்கு எதைச் சொன்னாலும் விளையாட்டு.

— விளையாட்டா? ஸ்பீக்கருக்கு அடியில என்ன வெச்சிருக்கீங்கன்னு குனிஞ்சு பார்த்தேன். என்னோட டெலிபோன் டைரக்டரி. எட்டு வருஷத்து டைரக்டரி, வரிசையாச் சேர்த்து வெச்சிருந்தேன். பக்கத்துக்கு நாலு.

— மேல இருக்கிற சின்ன ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வரணும். ஊர்ல இருக்கிற எல்லார் நம்பரும் இப்பக் கையில போன்ல கிடக்குது. அந்தப் புஸ்தகம் இதுக்காவது உதவுதே.

— எனக்கு ஒரு யோசனை தோணுது. சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— அந்தக் கேசட் வேணாங்க. ரேடியோல ஏதாவது ஓடட்டும். அவங்க பேசத்தான் வர்றாங்க. நாலு பொம்பளைங்க பல வருஷம் கழிச்சுச் சந்திச்சா, பாட்டு யாருக்குக் கேக்கப் போகுது?

— அந்தக் கேசட்டுக்காகத்தான் இவ்ளோவும். அது இல்லாம நான் எதுக்கு முட்டி தேய இங்க தவழ்ந்துக்கிட்டு இருக்கேன்?

— அதைத்தான் நானும் கேக்குறேன்.

— அக்கா! மாமா! யாராவது இருக்கீங்களா? வீடு மாத்துறீங்களா என்ன? ஒருக்களிச்சாக்கூட உள்ள நுழைய முடியல.

— வாடா தம்பி. வயித்தை எக்கிக்கிட்டு வா. உங்க மாமா வாசலுக்கு அலமாரி போட்டுப் பூட்டியிருக்காரு.

— வா மச்சான், வா. நீ வந்துட்ட, இனிமே எனக்குக் கவலை இல்ல.

— எனக்கு இருக்கு மாமா. கடையில மூணு ஆம்ப்ளிபயரை வயித்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன். போன்ல நீங்க கத்தின கத்துல வீட்ல ஏதோ தீப்பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். சிம்பிளாச் சொல்லுங்க. என்ன பிரச்சினை?

— நடுவுல ஆள் இல்ல.

— எது?

— பாட்டுல நடுவுல ஆள் இல்ல மச்சான். எல்லாரும் ரெண்டு சுவத்துலயும் போய் ஒட்டிக்கிறாங்க. பேலன்ஸ் திருகிப் பார்த்துட்டேன். பாஸ், ட்ரெபிள் எல்லாத்தையும் நடுவுல வெச்சுட்டேன். கார்ப்பெட் போட்டேன். ஜன்னலுக்குக் கம்பளி தொங்க விட்டேன்.

— அது நம்ம கட்டில்ல போத்திக்கிற கம்பளிடா தம்பி. மூணு மாசமா குளிர்ல நடுங்கிக்கிட்டுத் தூங்குறேன்.

— ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கமாத் திருப்பிப் பார்த்தேன். ஒரு டிகிரி, ரெண்டு டிகிரின்னு கோணமானி வெச்சு...

— கோணமானியா? மாமா, கடையில பசங்க உங்களுக்கு மில்லிமீட்டர்னு பேர் வெச்சிருக்காங்க. நான் அவங்களைத் திட்டுவேன். இனிமே திட்ட மாட்டேன்.

— பிளான் வரையறவன்யா நான். ஒரு மில்லிமீட்டர் தப்பினா கதவு மூடாது.

— இப்ப மட்டும் மூடுதா? அலமாரிதான் நிக்குதே.

— அக்கா, கொஞ்சம் சும்மா இரு. மாமா, பாட்டைப் போடுங்க, கேப்போம்.

— போடுறேன். நீ நடுவுல உக்காரு. முதுகைச் சாச்சு உக்காரு. தலையை ஆட்டாத.

— போட்டோவா எடுக்கப் போறீங்க?

— உஷ்.

— ம். பொம்பளைங்க சேர்ந்து பாடுறாங்க. நல்லாத்தானே கேக்குது மாமா?

— இதுவா நல்லா இருக்கு?

— கடையில என்கிட்ட வர்றவங்க எல்லாம் சத்தம் வரலன்னு வருவாங்க. சத்தம் வருது, ஆனா ஆள் இல்லன்னு வந்த மொத ஆள் நீங்கதான். கேசட்டே பழசு. யாரோட பாட்டு இது?

— உங்க அக்கா ஆபீஸ் பாட்டு.

— எக்ஸ்சேஞ்ச் ஆண்டு விழாவா?

— ஆமா. போர்டுல உக்காந்து லைன் போட்டுக் குடுக்குற பொம்பளைங்க பன்னெண்டு பேர். ஆறு ஆறு பேரா ரெண்டு வரிசை. நான் அப்ப அதே கட்டடத்துல மேல்மாடில வரைபடப் பிரிவு. பதிவு பண்ணத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்னு என்னைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. ரெண்டே ரெண்டு மைக். ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். வேற எந்தக் குளறுபடியும் இல்ல. அதனால யார் எந்த இடத்துல நின்னாங்களோ, கேசட்லயும் அந்த இடத்துலயே நிக்குறாங்க. புரியுதா?

— புரியுது. அது சரியான முறைதான்.

— நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். பாட்டு ஓடுது, எல்லாப் பாட்டும் மாதிரி. ரெண்டாவது சரணம் முடியுற இடத்துல எல்லாரும் மூச்சு வாங்க நிறுத்துறாங்க. ஒரே ஒரு குரல் மட்டும் நிறுத்தல. மெல்லிசா, இழுத்துப் புடிச்சுக்கிட்டுத் தனியா நிக்குது. அடுத்தவங்க வந்து சேர்ற வரைக்கும் விடல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசைல எல்லாரும் வாயை மூடிட்டாங்க. இடமிருந்து மூணாவது ஆள் மட்டும் வாயைத் திறந்தபடி நிக்குறா.

— யாரு?

— யாரா? உங்க அக்காடா!

— எந்த அக்கா?

— உனக்கு எத்தனை அக்கா இருக்கு?

— எங்க அக்காவா? பாட்டா? மாமா, ஸ்கூல்ல எங்க அக்காவை... ஆ! அக்கா, என் கால மிதிச்சுக்கிட்டு நிக்கிற.

— தெரியும். நீ வந்த வேலையப் பாரு.

— இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— கடையில மூணு ஆம்ப்ளிபயர் கிடக்குதுன்னு சொன்ன. அதை நினைச்சுக்கிட்டே வேலையப் பாரு.

— பாக்குறேன், பாக்குறேன். இன்னும் மிதிச்சுக்கிட்டுதான் இருக்க. காலை எடு.

— விடு மச்சான். அவளுக்குக் கூச்சம். இந்தப் பேச்சை எடுத்தாலே இப்படித்தான். நீ அப்ப ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சுக்கிட்டு இருந்த, உனக்கு எங்க தெரியும்?

— இருக்கலாம் மாமா. எனக்குத் தெரியாம எவ்ளோவோ நடந்திருக்கு. சரி, ஒரு பேட்டரி குடுங்க. சின்னது போதும்.

— பேட்டரி எதுக்கு? இதுக்கு என்ன, டார்ச்சா?

— சுவர்க் கடிகாரத்துல இருக்கிறதைக் கழட்டிக் குடு அக்கா. அஞ்சே நிமிஷம்.

— இந்தா. இந்த வீட்ல நின்னுபோகாம இருந்தது அது ஒண்ணுதான்.

— மாமா, முன்னாடி இருக்கிற வலையைக் கழட்டுங்க. இப்ப இந்த வயர்ல பேட்டரியை வெக்கிறேன். பெரிய ஸ்பீக்கரோட வட்டத் தாளைப் பாருங்க. என்ன பண்ணுது?

— டப்புன்னு வெளிய தள்ளுது.

— சரி. இந்தப் பக்கத்து ஸ்பீக்கர். அதே மாதிரி வெக்கிறேன். பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். இப்ப?

— இப்ப... உள்ள இழுக்குது.

— இன்னொரு தடவ பாருங்க.

— உள்ளதான் இழுக்குது.

— முடிஞ்சுது கதை. ஒண்ணு வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குது. ரெண்டும் எதிரும் புதிரும். நடுவுல வர வேண்டியதை ஒண்ணை ஒண்ணு அடிச்சுத் தின்னுடுது. அப்புறம் நடுவுல ஆள் எங்கேருந்து மாமா வரும்?

— இந்த வீட்டு ஸ்பீக்கர் வேற எப்படிடா இருக்கும்?

— அக்கா, ப்ளீஸ். மாமா, வெளி வயர் எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கு. அப்ப தப்பு பெட்டிக்கு உள்ள. இதை யாராவது திறந்தாங்களா?

— இதையா? இதை யாரு திறக்கப் போறா?

— மாமா?

— உள்ள இருந்த வயர் ரொம்ப மெல்லிசா இருந்துச்சு மச்சான்.

— ம்.

— கொஞ்சம் தடியான வயர் போட்டா நல்லா இருக்கும்னு...

— நீங்களே சால்டர் வெச்சீங்களா?

— ரெண்டு வயரும் ஒரே கலர்ல கிடைச்சுது. அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டியிருந்தேன். நூல் கழண்டுடுச்சு போல.

— எப்ப வெச்சீங்க?

— ஒரு... மூணு மாசம் இருக்கும்.

— லைன்ல இருங்க. ஒரே நிமிஷம் லைன்ல இருங்க. மூணு மாசமா நான் இந்த சோபாவைத் தூக்கினேன். அலமாரிய இழுத்தேன், இடுப்பு புடிச்சுக்கிச்சு. கம்பளி இல்லாம படுத்தேன். மகள் ஊர்லேருந்து வந்தப்ப, நடந்தா தரை அதிரும்னு சொல்லி அவளைச் செருப்பைக் கழட்டிப் பூனை மாதிரி நடக்க விட்டீங்க. எல்லாம் எதுக்கு? நீங்க கட்டின ஒரு நூல் அவுந்துபோனதுக்கு!

— கோணம் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுவும் முக்கியம்.

— பேசாதீங்க. இப்ப நீங்க ஒரு வார்த்தை பேசினீங்கன்னா, அந்தக் கோணமானிய எங்க வெப்பேன்னு எனக்கே தெரியாது.

— அக்கா, அடுப்புல என்னவோ விசில் அடிக்குது.

— தண்ணி கொதிக்குது. கொதிக்கட்டும். என்னைவிட ஒண்ணும் அதிகமாக் கொதிச்சுடாது.

— போன் வேற அடிக்குது பாரு.

— எடுக்குறேன். ஹலோ? ஆமா, பதினொண்ணுதான் பேசுறேன். சொல்லு ஏழு. கெளம்பியாச்சா? நாலு பேரும் ஒரே வண்டியா? நல்லதாப் போச்சு. என்னது? பாட்டா? அதுக்கென்ன... இல்ல, அது வந்து, கேசட் அறுந்துபோச்சுன்னு நினைக்கிறேன். ஆமா, ரொம்பப் பழசு இல்லையா. பாத்துச் சொல்றேன். சரி, பார்த்து வாங்க.

— எது அறுந்துபோச்சு?

— ஒண்ணும் இல்ல.

— இப்ப ஓடிச்சே, உன் கண்ணு முன்னாடி! அறுந்துபோச்சுன்னு எதுக்குச் சொன்ன?

— வாய்ல வந்துச்சு, சொன்னேன். விடுங்களேன்.

— அக்கா, அது என்ன ஏழு, பதினொண்ணு? ஜெயிலா?

— போர்டுல உக்காந்தா பேரு ஏதுடா? ஏழாவது போர்டுல உக்காந்தா ஏழு. நான் பதினொண்ணு. வேலைய விட்டு இத்தனை வருஷம் ஆகியும் எங்களுக்கு வேற பேர் வாய்ல வரல.

— சரி, கையை எடுங்க மாமா. உள்ள வயர் ரெண்டையும் மாத்தி வெச்சாச்சு. பெட்டிய மூடுறேன். பேட்டரியைப் புடி அக்கா, கடிகாரத்துல போடு. இப்ப அதே பாட்டைப் போடுங்க.

— இரு. நான் நடுவுல உக்காந்துக்கிறேன். நீ பக்கத்துல உக்காரு. நீயும் வா.

— எனக்கு வேலை இருக்குங்க.

— ஒரு நிமிஷம் வாயேன்! உனக்காகத்தானே?

— கேக்குறேன், நின்னுக்கிட்டே கேக்குறேன். போடுங்க.

— மாமா.

— உஷ்.

— மாமா, ஆள் வந்துட்டாங்க.

— உஷ்! கேளு. இது ஓரத்துல நிக்கிறவ, கொஞ்சம் மூக்கால பாடுறா. அதோ அந்தக் கடைசில ஒருத்தி இருமலை அடக்குறா, கேக்குதா? இருமலுக்கு இடம் இருக்குடா! சுவரைக் காணோம். சுவரே போயிடுச்சு.

— நிஜமாவே நல்லா இருக்கு மாமா. ரெண்டு மைக்ல எடுத்ததா இது? நீங்க வாழ்க்கையில தப்பான வேலைக்குப் போயிட்டீங்க.

— இப்ப வரும். ரெண்டாவது சரணம். முடியப் போகுது... எல்லாரும் நிறுத்துறாங்க... அதோ!

— ஐயோ மாமா!

— அதோ. அதோ. மூணாவது இடம். கண்ணு முன்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு. கேட்டியா?

— கேட்டேன் மாமா. மெலிசா ஒரு கம்பி மாதிரி நிக்குது. யாரா இருந்தாலும் அபாரமான குரல்.

— யாரா இருந்தாலும்னா? உங்க அக்கான்னு சொன்னேனே!

— ஆமா. ஆமா, அக்கா. அபாரம் அக்கா. நான் கெளம்புறேன்.

— இருடா, டீ போடுறேன்.

— வேணாம் அக்கா. இந்த வீட்ல நான் இன்னும் ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தா என் வாய் சும்மா இருக்காது. மாமா, அலமாரிய ஒரு கை புடிங்க. பழைய இடத்துலயே போடலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது. ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்ளோதான். இனிமே பெட்டிய மட்டும் திறக்காதீங்க. தூசி தட்டணும்னாக்கூட எனக்குப் போன் பண்ணுங்க.

— போயிட்டு வா மச்சான். நீ பண்ணின உதவிய மறக்க மாட்டேன்.

— போயிட்டு வர்றேன். அக்கா... சரி, ஒண்ணும் இல்ல. வர்றேன்.

— என்னம்மா, அவன் ஒரு மாதிரி முழிச்சுட்டுப் போறான்?

— அவன் பொறந்ததுலேருந்தே அப்படித்தான். நீங்க போய் முகம் கழுவிட்டுச் சட்டையை மாத்துங்க. முட்டி ரெண்டும் அழுக்கு.

— மாத்துறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், உக்காரு.

— நேரம் இல்லைங்க.

— அஞ்சு நிமிஷம். நாலு பேரும் வந்து உக்காந்ததும், இந்தப் பாட்டைப் போட்டு, அந்த இடத்துல நிறுத்தப் போறேன். நிறுத்திட்டு ஒண்ணு சொல்லப் போறேன். இந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் இவளைக் கட்டிக்கிட்டேன். கட்டிக்கிட்டு வந்து இந்தக் குரலை நான்தான் அமுக்கிட்டேன்னு.

— எதுக்குங்க இப்ப இதெல்லாம்?

— இல்ல, எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. நீ வந்த புதுசுல எங்க அப்பா ரேடியோவையே நிறுத்தச் சொல்வாரு. ஞாபகம் இருக்கா? தலைவலின்னு சொல்வாரு. அன்னிக்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கணும். பேசல. அதுக்கப்புறம் நீ ஒரு நாள்கூட வாயைத் திறந்து பாடல. மகளைத் தூங்க வெக்கும்போதுகூட வெறுமனே தட்டிக்கிட்டே இருப்ப. நான் கதவு பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன், ஒரு வரியாவது வருமான்னு.

— கதவு பக்கத்துல நின்னீங்களா?

— நின்னேன். ஒரு நாள் இல்ல, எத்தனையோ நாள். நீ வாய் திறக்கல. எங்க வீட்டு மேல கோவம்னு நினைச்சேன். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, அந்தக் கடனை நான் அடைக்கல. இன்னிக்கு உன் ஆளுங்க முன்னாடி, உன் குரலை உனக்கே திருப்பிக் குடுத்துட்டேன்னா எனக்கு நிம்மதி. அதுக்குத்தான் மூணு மாசமா நாய் படாத பாடு பட்டேன். ஏய், எதுக்கு அழுற? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

— நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. அதான் தாங்க முடியல. நீங்க ஒரு தடவயாவது தப்பா ஏதாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

— புரியலையே.

— அவங்க முன்னாடி அதைச் சொல்லாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். சொல்லாதீங்க.

— ஏன்?

— நான் பாடலைங்க.

— தெரியும்மா. கல்யாணத்துக்கப்புறம் நீ பாடவே இல்ல. அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— அன்னிக்கும் பாடல.

— என்னது?

— அன்னிக்கும் நான் பாடலைங்க. வாயைத்தான் அசைச்சேன்.

— சும்மா விளையாடாத.

— ஒருத்திக்குக் காய்ச்சல், வரல. பன்னெண்டு பேர் நிக்கணும், பதினோரு பேர்தான் இருக்கோம். ஒரு பக்கம் ஓட்டைப் பல் மாதிரி தெரியும்னு பாட்டு வாத்தியார் என்னைப் போர்டுலேருந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சாரு. பாடிக் காட்டச் சொன்னாரு. பாதி வரி பாடினேன். போதும்மா, நீ வாயை மட்டும் அசை, தப்பித் தவறிச் சத்தம் கித்தம் வந்துடப் போகுதுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஸ்கூல்லயும் என்னை அப்படித்தான் நிக்க வெப்பாங்க. தம்பி அதைச் சொல்லத்தான் வந்தான்.

— நான் கண்ணால பார்த்தேன். எல்லாரும் வாயை மூடிட்டாங்க. நீ மட்டும் மூடல.

— எங்க மூடணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பாடுறவங்களுக்குத்தானே மூச்சு வாங்கணும்? நான் பாட்டுக்குத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னேன்.

— அப்ப அந்தக் குரல்? மூணாவது இடத்துலேருந்துதானே வருது? இப்பக் கேட்டோமே! ஸ்பீக்கர் பொய் சொல்லாது.

— சொல்லல. பின்வரிசைக்கு ஸ்டூல் அஞ்சுதான் கிடைச்சுது. ஒருத்தி மட்டும் தரையில நின்னா, எனக்கு நேர் பின்னாடி. உங்களுக்கு என் தலைதான் தெரிஞ்சிருக்கும்.

— இத்தனை வருஷம் ஏன் சொல்லல?

— சொல்லத்தான் நினைச்சேன். மறுநாள் கேன்டீன்ல என் மேசை முன்னாடி வந்து நின்னு, அந்தக் குரல் உங்களுதுதானேன்னு கேட்டீங்க. கையில டம்ளர்ல இருந்த டீ ஆறிப்போனதுகூட உங்களுக்குத் தெரியல. அதுவரைக்கும் என்கிட்ட வந்து யாரும் எதையும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னதில்லைங்க. ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். அடுத்த நாள் சொல்லிடலாம்னு நினைச்சேன். அடுத்த நாளும் வந்தீங்க. அப்புறம் கல்யாணமே வந்துடுச்சு. பாடினாத் தெரிஞ்சுடுமேன்னுதான் குழந்தைக்குக்கூடப் பாடல. உங்க அப்பா ரேடியோவை நிறுத்தினப்ப நான் சந்தோஷப்பட்டேங்க. அந்த மனுஷன் மேல பழியைப் போடாதீங்க.

— அப்ப நான் யாரைத் தேடி...

— என் குரல்தான் வேணும்னா, இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்ல நான் கத்திக்கிட்டேதான் இருக்கேன். அதைக் கேக்க ஏழடி தள்ளி உக்காரவும் வேணாம், கோணமானியும் வேணாம். ஆனா நீங்க கேட்டது அது இல்ல. எனக்குத் தெரியும்.

— யாரு அவ?

— வண்டி வந்து நிக்குது பாருங்க. நாலு பேரும் வந்துட்டாங்க.

— யாருன்னு கேட்டேன்.

— ஏழு.

— இப்பப் போன் பண்ணினாளே, அவளா?

— அவதான். பெல் அடிக்கிறதும் அவதான், அழுத்துற அழுத்துலயே தெரியுது.

— நான் என்ன பண்ணட்டும் இப்ப? நீயே சொல்லு. கேசட்டை எடுத்து ஒளிச்சு வெக்கட்டுமா?

— வேணாம். அவளை நடு சோபால உக்கார வெச்சுப் போடுங்க. இருந்தது ஒரே கேசட், அதை நீங்க பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்டீங்க. அவ குரலை அவ இன்னிக்கு வரைக்கும் கேட்டதே இல்லைங்க.